காத்து பார்க்கும் மாமா

மாமாவோடு நீலகிரிக்கு மீன் பிடிக்கப் போய் வந்தவர்களிடம் மீனைப் பற்றிக் கேட்காதீர்கள். தாம்பரத்திலிருந்து மேட்டுப்பாளையம் வரை எந்தப் பெட்ரோல் பங்க்கில் காத்தடிக்கிற மெஷின் ஓடுகிறது, எதில் ‘ரிப்பேர்’ என்று அட்டை தொங்குகிறது என்று கேளுங்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசையாகச் சொல்வார்கள்.

மயிலாப்பூர் லஸ் பக்கம் ஃபிளாட், வங்கி உத்தியோகத்தில் ஓய்வு, அவலாஞ்சிக்கும் அந்தப்புறம் காட்டுக்குள் ஒரு தூண்டில் கிளப்பில் ஆயுள் சந்தா. முட்டைகூடத் தொடாதவருக்கு அங்கே என்ன வேலை என்றால், “பிடிச்சு உடனே தண்ணியில விட்டுடுவோம்டா, அதான் ஸ்போர்ட்” என்பார். மெட்ராஸ் சிவில் சர்வீஸ் துரை ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-ல் எழுதிய ‘தி ராட் இன் இந்தியா’ அவர் அலமாரியில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறது. சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் டயர் கேஜ் இருக்கிறது. அடையாற்றில் இதே மாதிரி ஒருவர் உண்டு, தி. நகரில் இரண்டு பேர்.

விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்ப வேண்டும். மூன்றரைக்கே மாமா பார்க்கிங்கில் குந்தியிருப்பார். “டயர் சில்லுன்னு இருக்கறச்சே பாத்தாதான் சரியான கணக்கு.” உண்மைதான். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு நான்கு சக்கரத்துக்கும் ஸ்டெப்னிக்கும் கேஜ் வைக்கிறார். 33. டைரியில் எழுதுகிறார். அத்தோடு முடிந்தது என்று நினைத்து ஏறி உட்கார்ந்தால், தாம்பரம் தாண்டியதும் தோளில் கை விழுகிறது. “சித்த அந்த பங்க்ல நிறுத்து. காத்து பாத்துடலாம்.”

“இப்பத்தானே பார்த்தோம் மாமா?”

“அது நம்ம கேஜ். பங்க் கேஜ் என்ன சொல்றதுன்னு பாக்க வேண்டாமா?”

பங்க் கேஜ் 35 என்கிறது. இப்போது எது சரி? பஞ்சாயத்துக்கு மூன்றாவது கேஜ் வேண்டும். அதற்குச் செங்கல்பட்டில் ஒரு நிறுத்தம். அதற்குள் டயர் சூடேறி, அங்கே 36. மூன்று கேஜ், மூன்று கணக்கு. திண்டிவனத்தில் மறுவிசாரணை. உளுந்தூர்பேட்டையில் சேலம் ரோடு பிரிகிற இடத்தில் வெயில் உச்சிக்கு வந்துவிட, 38. பின்சீட்டிலிருந்து யாராவது “கொஞ்சம் இறக்கிவிடலாமே” என்று வாய்விட்டால் தொலைந்தான். சூட்டில் காத்து விரியும், அப்போது இறக்கினால் ராத்திரி ஆறியதும் டயர் தொய்ந்துவிடும், ஆகவே சூடான டயரில் கை வைக்கவே கூடாது என்று ஆத்தூர் வரை பாடம் நடக்கும். பாடத்தில் பிழையே கிடையாது. கை வைக்கக் கூடாது என்றால் எதற்கு அளந்தோம் என்று மட்டும் கேட்கக் கூடாது. “தெரிஞ்சுக்க வேண்டாமா?”

பங்க்கில் அவரைப் பார்க்க வேண்டும். காத்தடிக்கிற பையன் வழக்கம்போல, “நைட்ரஜனா சார், சாதாவா?” என்பான். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொள்வார். “தம்பி, காத்துல நூத்துக்கு எழுபத்தெட்டு நைட்ரஜன்தான். அது ஏற்கெனவே உள்ள இருக்கு. பாக்கி இருபத்திரண்டுக்கு நாலு சக்கரத்துக்கும் துட்டு கேக்கறியே, நியாயமா?” பையன் முழுசாகக் கேட்டுக்கொண்டு, “சாதாவா சார்?” என்பான்.

அளந்து முடித்ததும் கசிவுப் பரிசோதனை. வீட்டில் டம்ளரைத் தூக்கிக் குடிக்கிறவர், எச்சில் பத்து என்றால் மாமியையே கிணற்றடிக்கு அனுப்பக்கூடிய பரம்பரை. அந்த மனிதர் சுட்டுவிரலை நாக்கில் தொட்டு, வால்வ் வாயில் வைத்து, குமிழி வருகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறார். அப்படியே ஐந்து சக்கரத்துக்கும். பின்னால் லாரிக்காரர் ஹாரனில் ஏறி உட்கார்ந்திருக்கிறார். குமிழி இல்லை. இனி மூடியைத் திருகிவிட்டுக் கிளம்பலாம். மூடியைக் காணோம். சட்டைப் பை, வேட்டி மடிப்பு, காருக்கு அடி, பையனின் பை எல்லாம் தேடிய பிறகு, அது மாமாவின் இடது உள்ளங்கையிலேயே இருக்கும்.

மேட்டுப்பாளையம் சேரும்போது வெயில் சாய்ந்திருக்கும். 2024 மே முதல் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் வேண்டும். மாமா அதை மூன்று பிரதி எடுத்து, மூன்று பேரிடம் கொடுத்து வைத்திருப்பார். கல்லாறு தாண்டினால் பதினான்கு கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் பின்சீட்டு நம்பர் சொல்ல வேண்டும். மலைப்பாதை குறுகலாக இருந்தால் இறங்குகிற வண்டிதான் ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது சட்டம். எதிரே வருகிறவருக்கு அது தெரியாவிட்டால் மாமா கண்ணாடியை இறக்கிச் சொல்லிக் கொடுப்பார்.

அவரை முழுசாகத் திட்டவும் மனசு வராது. ஒருமுறை பர்லியாறு பக்கம் ஒரு கார் ஓரமாக நின்று சக்கரத்தில் புகைந்துகொண்டிருந்தது. சமவெளிக்கார இளம் ஜோடி, பின்னால் இரண்டு பிள்ளைகள். மேலிருந்து பிரேக்கை மிதித்தே இறங்கியிருக்கிறார்கள். ஓட்டிவந்த பையன் சக்கரத்தில் ஊற்றப் பாட்டில் தண்ணீரைத் திறந்துவிட்டான். மாமா ஓடிப்போய்த் தடுத்தார். டயருக்குக் கல் வைத்தார். தானாக ஆறட்டும் என்று உட்கார்ந்து, எங்கள் முறுக்கு டப்பாவை அந்தப் பிள்ளைகளிடம் கொடுத்தார். “ஏறின கியர்லதான்பா இறங்கணும். ரெண்டாவதுல போட்டுக்கோ, இன்ஜினே இழுத்துப் பிடிக்கும்” என்று ஒரே ஒரு தடவை சொன்னார். கிளம்புவதற்கு முன் அவர்கள் டயரிலும் காத்து பார்த்தார்.

கிளப்புக்குப் போய்ச் சேரும்போது கும்மிருட்டு. இருட்டில் தூண்டில் கூடாது என்பது மாமா வகுத்த விதி. விடிந்ததும் எல்லோரும் ஓடைக்குத் தயாராக, மாமா காருக்குப் போகிறார். கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் ஏறியிருக்கிறோம், பல் கிட்டும் குளிர். கேஜ் 33 காட்டுகிறது, மயிலாப்பூரில் காட்டிய அதே 33. மாமா முகத்தில் பிரகாசம். குளிரில் காத்து சுருங்கி அழுத்தம் குறைந்ததாம். மேலே வெளிக்காற்று லேசானதால் கேஜ் கூட்டிக் காட்டியதாம். இரண்டும் கழிந்து பழைய இடத்துக்கே வந்துவிட்டதாம். கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரிதான். இதைத் தெரிந்துகொள்ளத்தான் 560 கிலோமீட்டருக்கு மேல் வந்திருக்கிறோம் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

ஓடையிலிருக்கிற ட்ரவுட் இந்த ஊர்க் குடி இல்லை. வெளிநாட்டிலிருந்து முட்டையாகக் கப்பலேறி வந்தது. அவலாஞ்சியில் 1907 வாக்கில் வில்சன் என்ற துரை பொரிப்பகம் கட்டிக் குஞ்சு பொரிக்க வைத்தார். ஒருவரும் காத்து பார்க்காமலேயே வந்து சேர்ந்து வம்சம் வளர்த்திருக்கிறது. அதைப் பார்க்கலாம் என்று கிளம்பினால் மேகம் கறுக்கிறது. 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய ஊர் இது. மாமா வானத்தைப் பார்க்கிறார், கடிகாரத்தைப் பார்க்கிறார். “மண் சரிஞ்சா மாட்டிப்போம். பகல்லயே இறங்கிடலாம்.” மூட்டை கட்டியாகிவிட்டது. நீலகிரி ட்ரவுட்டுக்கு இவரைப்போல ஒரு காவல் தெய்வம் கிடையாது.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். எனக்குப் பொறுக்காதது ஊர் திரும்பிய மறுநாள் நடக்கிறது.

மெட்ரோ வேலைக்காக லஸ் பக்கம் ரோட்டைப் பாதி அடைத்திருக்கிறார்கள். மிச்ச ரோட்டில் எதிர்ப்பக்கமாக ஒரு ஸ்கூட்டர் வருகிறது. ஹெல்மெட் கண்ணாடியில் தொங்குகிறது. போன் காதுக்கும் தோளுக்கும் நடுவே. பின் டயர் வழுக்கையாகி வருஷமாகிறது. மாமாதான். கீரை வாங்கப் போகிறார். “இதோ இருக்கற மாட வீதிக்கு எதுக்குடா ஹெல்மெட்?” என்கிறார். எதிர்த் திசையில் ஏன் வருகிறீர்கள் என்றால், “சுத்திண்டு வரணும்டா” என்கிறார்.

கல்லாற்றில் யானை குறுக்கே வந்தால் தூரத்திலேயே நிறுத்தி, ஹாரனில் கை படாமல், அது போகிறவரை பொறுமையாக உட்கார்ந்திருக்கிற மனிதர் இவர். இங்கே பூக்கூடையோடு ரோட்டைத் தாண்டுகிற அம்மா வண்டி வருகிற பக்கத்தைப் பார்த்துத்தான் தாண்டுவாள். வரக்கூடாத பக்கத்திலிருந்து நீங்கள் வருவீர்கள் என்று அவளுக்கு எப்படித் தெரியும், மாமா? ஹெல்மெட்டைத் தலையில் மாட்டுங்கள். போனைப் பையில் போடுங்கள். சரியான பக்கமாகச் சுற்றிக்கொண்டு வாருங்கள். ஐந்து நிமிஷம் அதிகமாகும். அவலாஞ்சிக்கு இரண்டு நாள் செலவழிக்கிறவருக்கு அது ஒன்றும் பெரிசில்லை.