தொரைமார் மன்மதனும் நம்ம காமனும்

வாடா பேராண்டி, உக்காரு. மாசி பொறக்கப் போகுது, நீ போனுல அந்தப் பொண்ணுக்கு செவப்பு இதயமா அமுக்கித் தள்ளுறே. விரல் நோகாத காதல்! ஒரு கதை கேட்டுட்டு அப்புறம் அமுக்கு.

விக்டோரியா ராணி காலத்துக் காதலர் தின அட்டையப் பாத்திருக்கியா? தாள்லயே லேஸ் செஞ்சிருப்பான். அச்சுத் தகட்டுல தாளை வச்சு அமுக்குனா பூவும் கொடியும் புடைச்சுக்கும். அந்தப் புடைப்பை அரத்தால ராவி விட்டா ஓட்டை ஓட்டையா லேஸ்! 1834ல லண்டன்ல ஜோசப் ஆடன்புரூக்னு ஒருத்தர் கண்டுபிடிச்ச வித்தையாம். லேசைத் தூக்குனா பட்டு, பட்டைத் தூக்குனா புறா, அதுக்கடியில நாலு வரிப் பாட்டு. அவசரக்காரனுக்கு அங்க வேலையே இல்ல.

அட்டை நடுவுல றெக்கை வச்ச ஒரு கொழுகொழு புள்ள, கையில அம்பு. அதான் தொரைமார் மன்மதன். சில படத்துல கண்ணையும் கட்டி விட்டிருப்பான். கண்ணைக் கட்டுன புள்ளகிட்ட வில்லைக் குடுத்தா யாரைக் குத்தும்? நம்ம காமன் அப்படியா? கரும்பு வில்லு, பூ அம்பு, பக்கத்துல ரதி. குடும்பஸ்தன்டா! சிவன் எரிச்சப்பவும் அழ ஒரு பொண்டாட்டி இருந்தா.

பிடிக்காதவனுக்கு அனுப்ப 'வினாகிரி அட்டை'யும் இருந்துச்சு. கோணமூஞ்சிப் படம், கேலிப் பாட்டு, அனுப்புனவன் பேரு இருக்காது. உனக்கு இதுவரைக்கும் வராதது நம்ம தபால்காரர் புண்ணியம்.

அமெரிக்காவுல வூஸ்டர்ங்கிற ஊர்ல எஸ்தர் ஹவ்லண்ட்னு ஒரு அம்மா, 1840கள் கடைசியில லேஸ் அட்டைத் தொழிலைத் தொடங்குச்சு. பொண்ணுங்கள வரிசையா உக்கார வச்சு, ஒருத்தி பூ வெட்ட, ஒருத்தி லேஸ் ஒட்ட, நம்ம பொம்பளைங்க நிரை புடிச்சுக் கொழுந்தெடுக்கிற மாதிரி வேலை வாங்குச்சு. ஊருக்கெல்லாம் காதல் வித்த அந்தம்மா கடைசி வரைக்கும் கல்யாணம் கட்டல. 1890ல நம்ம தம்பேத்தன்னையில தேயிலை பேக்டரி கட்டுன லிப்டன் தொரையும் பிரம்மச்சாரியாத்தான் போய்ச் சேர்ந்தாரு. ரெண்டு பேருக்கும் யாவாரம் மட்டும் நல்லா ஓடுச்சு.

நீ யாவாரி இல்ல, அதனால கையாலயே ஒண்ணு செய்யி. தாளும் கத்தரிக்கோலும் போதும். வெட்டு கோணுனா கோணட்டும், நீ செஞ்சதுன்னு அவளுக்குத் தெரியும். மாசி அமாவாசை கழிஞ்ச மூணாம் நாள் காமன் கூத்துக்குக் காமன் நடுறோம், தப்படிக்க ஆள் கொறையுது, வந்து சேரு. அவளும் அவங்கப்பாவோட வருவா. அட்டைய அவருகிட்ட நீட்டித் தொலைச்சுராதே.