திமிங்கலமும் இ-வே பில்லும்

கேள்வி: ஆப் திறக்காதபோது டைனோசர், நாய்க்குட்டி என்று படம் காட்டுகிறார்களே, இது நமக்குத் தேவையா?
– பனியன் கம்பெனி கணக்காளர், அனுப்பர்பாளையம், திருப்பூர்

பதில்: படம் இருக்கட்டும், கூடவே பதிலும் வரவேண்டும்! 2014 முதல் க்ரோமில் ஓடும் டைனோசர் நேர்மையானது. 'இன்டர்நெட் இல்லை' என்று உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் விளையாடக் கூப்பிடுகிறது. ட்விட்டர் திணறிய நாட்களில், பறவைகள் தூக்கிப் பறக்கும் திமிங்கலம் வந்தது. யியிங் லூ வரைந்த அந்தப் படத்தை டி-ஷர்ட்டில் போட்டுக்கொண்ட ரசிகர்களும் உண்டு. ஆனால் ட்விட்டரைக் காப்பாற்றியது திமிங்கலம் அல்ல. பின்னணி மென்பொருளை மாற்றி எழுதிய பொறியாளர்கள். 2013-ல் திமிங்கலத்துக்கு விடைகொடுத்துவிட்டார்கள்.

2018 பிப்ரவரி 1 நினைவிருக்கிறதா? சரக்கு வண்டிக்கு வேண்டிய இ-வே பில் கட்டாயமான முதல் நாளே அதன் தளம் திணறியது. கட்டாயத்தைத் தள்ளிவைத்து, ஏப்ரல் 1-ல்தான் மாநிலங்களுக்கு இடையே தொடங்கினார்கள். அட்டைப்பெட்டி ஏற்றி, தார்ப்பாய் கட்டி, டிரைவர் சாவியோடு நிற்கும்போது நமக்கு வேண்டியது பில் நம்பர், கார்ட்டூன் அல்ல.

நிட்டிங்கில் விழுந்த ஓட்டையைப் பிரிண்டிங் போட்டு மறைத்தால் பையர் விடுவாரா? தளம் முடங்கினால் மூன்று விஷயம் சொல்லட்டும்: என்ன கோளாறு, எப்போது சரியாகும், நாம் டைப் செய்தது பத்திரமா. அதற்குப் பிறகு திமிங்கலம் வந்தாலும் ரசிக்கலாம். கடைசித் தேதிக் கூட்டத்தைத் தாங்கும் சர்வர்தான் உண்மையான மரியாதை.