நூறு மாமாக்களில் ஒருவர்

லண்டன் ஈஸ்ட்ஹாமில் இருக்கும் மாமாவுக்கு நீரிழிவு வந்து பதினெட்டு வருடம். அடுத்த பத்து வருடத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வருமா என்று பார்க்க, டாக்டர் கணினியில் கியூரிஸ்க்3 என்ற கணிப்பானைத் திறந்தார். ஊரில் சாத்திரியார் பிறந்த நேரம் கேட்பார். இது தபால் குறியீடு கேட்கிறது. வசதி குறைந்த பேட்டை என்றால் ஆபத்து கூடும். செவ்வாய் தோஷம் போல வட்டார தோஷம்!

இனம்? இந்தியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர் எல்லோருக்கும் இடம் உண்டு. இலங்கைத் தமிழருக்கு 'இதர ஆசியர்'. "இங்கையும் இதரதானோ?" என்றார் மாமா.

ஒற்றைத்தலைவலி உண்டா என்றுகூடக் கேட்கும் அது, சர்க்கரை எத்தனை வருடமாக, எவ்வளவு என்று கேட்பதில்லை. உண்டா, ஒன்றாம் வகையா இரண்டாம் வகையா, அவ்வளவுதான். 2023-இல் வந்த ஐரோப்பியக் கணிப்பான் அதையெல்லாம் கேட்கிறதாம். ஃபிரேமிங்ஹாம் என்ற பழைய ஆபத்துக் கணக்கோ, 1948-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் அதே பெயர்கொண்ட ஊரில் 5,209 பேரோடு தொடங்கிய ஆய்வின் பிள்ளை. அநேகமாக எல்லோரும் வெள்ளையர். அந்தச் சட்டை நமக்குப் பொருந்தாமல் போனதில் வியப்பென்ன?

பலன் வந்தது: 31 விழுக்காடு. பத்தைத் தொட்டாலே பரிகாரம் உண்டு, கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரை 20 மில்லிகிராம்.

"உங்களைப் போன்ற நூறு பேரில் 31 பேருக்கு வரலாம்" என்று டாக்டர் விளக்கினார்.

மாமா யோசித்தார். "அப்ப மிச்ச 69 பேர் என்ன சாப்பிடினம் எண்டு கேட்டுச் சொல்லுங்கோ டொக்டர்."