மாடிக்கு வந்த தைப்பட்டம்

ஆடிப்பட்டத்தைக் கோட்டை விட்டவர்களுக்கு ஆண்டவன் வைத்த மறுதேர்வு தைப்பட்டம். பொங்கல் கரும்பு காய்வதற்குள் சென்னை மொட்டைமாடிகளில் விவசாயம் தொடங்கிவிடும். முதலில் வாட்ஸ்அப் குழு, பிறகுதான் மண்.

அடுத்து 5 கிலோ கோகோபீட் கட்டி வந்து இறங்கும். தண்ணீரில் போட்டால் பல மடங்கு உப்பும். அதிலுள்ள உவர்ப்பு போக இரண்டு மூன்று தண்ணீரில் அலச வேண்டும். அரிசியை மூன்று முறை களைபவர்கள்கூட இதற்கு மட்டும் சோம்பல்படுவார்கள். நாற்று கருகியதும் பழி வெயில்மேல்.

மண்புழு உரம், வேப்பம்புண்ணாக்கு, பஞ்சகவ்யம், மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய், அது தண்ணீரில் கலக்கக் காதி சோப்பு, சித்திரையைச் சமாளிக்க 50 சதவீத நிழல்வலை. செலவைக் கூட்டிப் பார்ப்பது மட்டும் மரபில்லை. இத்தனைக்கும் நடுவே விதை வாங்க மறந்திருப்பார்கள். தையில் ஊன்ற வேண்டிய வெண்டை, மாசிக் கடைசியில் செடிப் பைக்குள் போகும்.

அறுவடையும் உண்டு: நாலு வெண்டைக்காய், நாற்பது புகைப்படம். சாம்பாருக்கு மிச்சக் காய் கோயம்பேட்டிலிருந்து.

புதிதாகத் தொடங்குபவர்கள் பேசாமல் சிறுகீரை விதையுங்கள். 25 நாளில் பிடுங்கிக் கடைந்துவிடலாம். என்ன, படம் போட்டால் லைக் விழாது.