சூடா? எங்கே காட்டு!

நம்மூர் ஓட்டல்களில் அனல் என்பதே கிடையாது. சந்தேகம் இருந்தால் கல்லாவில் இருக்கும் முதலாளியைக் கேளுங்கள். தலைக்கு மேல் 24 டிகிரியில் ஏசி ஓட, "கிச்சன்ல சூடா? எல்லாம் பழகின ஆளுங்க சார்" என்பார். தோசைக்கல் முன்னால் நிற்பவரின் பனியன் முதுகோடு ஒட்டிக் கிடப்பது வியர்வையால் அல்ல, முதலாளி மேல் உள்ள விசுவாசத்தால்.

மேலே எக்ஸாஸ்ட் ஹூட் இல்லையா என்றால், இருக்கிறது. பளபளக்கும் ஸ்டீலில், முதலாளியின் செல்ஃபிக்கு ஏற்ற உயரத்தில். சோதனைக்கு வருகிறவர் அண்ணாந்து பார்த்து, தலையாட்டி, காபி குடித்துவிட்டுப் போக அது போதும். அது அனலை உறிஞ்சுகிறதா என்று கேட்பது விருந்தாளிக்கு அழகல்ல. கண்ணுக்குத் தெரியாத காற்றுக்கு யார் சாட்சி சொல்வது?

இந்த நிம்மதியைக் கெடுக்கவென்றே 1864-இல் ஆகஸ்ட் டோப்ளர் என்ற ஜெர்மானியர் ஷ்லீரன் என்னும் ஒளியியல் முறையை வெளியிட்டார். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. அதற்குள் புகும் ஒளி சற்றே வளையும். குழியாடி திருப்பி அனுப்பும் ஒளி குவிகிற இடத்தில் ஒரு கத்தி விளிம்பை வைத்தால் போதும். வளைந்த ஒளி தனியே பிரிந்து, அனல் நெளிந்து எழுவது வெளிச்சமும் நிழலுமாகத் திரையில் தெரியும். இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக் 1880-களில் இதே முறையால் துப்பாக்கிக் குண்டு கிளப்பும் அதிர்வலையைப் படம்பிடித்தார். இன்று அமெரிக்காவில் ஓட்டல் ஹூட்களைச் சோதிக்கும் ஏ.எஸ்.டி.எம். எஃப்1704 தரமுறையிலும் இது உண்டு. அனல் ஒரு பக்கமும் வழியாமல் இருக்க எவ்வளவு காற்றை இழுக்க வேண்டும் என்பதை அங்கே கண்ணால் பார்த்தே முடிவு செய்கிறார்கள்.

அந்தக் கண்ணாடியை நம் சமையல்கட்டில் வைத்தால் மானம் போய்விடும். அடுப்பைவிடக் குட்டையான ஹூட்டின் விளிம்பில் முட்டிய அனல், வழிந்து புரோட்டா மாஸ்டரின் முகத்தில் இறங்குவது தெரியும். புழுக்கம் தாங்காமல் அவர் வைத்த டேபிள் ஃபேன், மேலே போகவிருந்த புகையையும் கலைத்து அவர் மூக்குக்கே கொண்டுவருவது தெரியும். ஜன்னலை அடைத்து ஸ்டோர் ரூம் கட்டியாகிவிட்டது. வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக உள்ளே வர வழியில்லை. ஃபேன் கத்துகிறது, காற்று நகரவில்லை. ஹூட்டை அடுப்புக்கு வெளியே நீட்டி, இரு பக்கமும் தகடு அடித்து, அடுப்பைச் சுவரோரம் தள்ளி, புதுக்காற்று மெதுவாக வர ஒரு வழி விட்டால் பெருமளவு தீரும். வெல்டிங் பட்டறையும் கொத்தனாரும் முடித்துவிடுகிற வேலை. ஆனால் கிச்சனில் மாட்டக் காசு உள்ள ஒரே கருவி சிசிடிவி: யார் உட்கார்ந்தார், யார் வடையை வாயில் போட்டார் என்று பார்க்க.

சட்டத்திடம் போகலாமே என்பீர்கள். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் போதிய காற்றோட்டமும் உடல் தாங்கும் வெப்பமும் வேண்டும் என்றது. 1976-இல் வந்த திருத்தம், எது தொழிற்சாலை என்று சொன்ன இடத்திலேயே ஓட்டலையும் சாப்பாட்டுக் கடையையும் கவனமாக வெளியே நிறுத்தியது. பிஸ்கட் ஆலையில் வெந்தால் தொழிலாளி. ஓட்டல் அடுப்பில் வெந்தால் வெறும் மாஸ்டர். மதராஸ் மாநிலம் ஓட்டல்களுக்கென 1958-இல் தனிச் சட்டம் போட்டது. அது சமையல்கட்டு வரை போனதா என்பது அந்தப் புகையில் தெரியவில்லை.

மிகுந்த சூட்டில் பொரிக்கும்போது எழும் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வைத்திருக்கிறது. தமிழக அரசு 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. தெருவில் வெயில் அடித்தால் பேரிடர். கதவுக்கு அந்தப் பக்கம் அடுப்பு அடித்தால் டிபன்.

நாம் மட்டும் யோக்கியமா? ஏசி ஹாலுக்குத் தனி விலை கொடுத்து உட்கார்ந்து, நெய் ரோஸ்ட் ஐந்து நிமிடம் தாமதமானால் ஒரு ஸ்டார் போட்டுத் தண்டிக்கிறோம். அதை வார்த்தவர் மூச்சுவிட்டாரா என்று கேட்க அந்த விமர்சனப் பக்கத்தில் கட்டம் இல்லை.

டோப்ளரின் கண்ணாடி வரும்வரை காத்திருக்க வேண்டாம். லைசென்ஸைப் புதுப்பிக்கும் அதிகாரி, சித்திரை மாதத்து மதியம் ஒரு மணிக்கு, வாணலிக்கும் தோசைக்கல்லுக்கும் நடுவில் அரை மணி நேரம் நின்று கையெழுத்துப் போடட்டும். வியர்வையில் பேனா வழுக்கினால் லைசென்ஸ் கிடையாது.