பாடைச்சுழிக் குதிரை

குதிரைச் சவாரியைப் பற்றி எழுதத் துணிகிறவன் குதிரையின் மேல் சிறிது காலமாவது இருந்தவனாக இருக்க வேண்டும் என்று வாசகர்கள் எதிர்பார்ப்பது நியாயமே. அந்த யோக்கியதாம்சம் எனக்கு உண்டு. ஆனால் 1931-ஆம் வருஷம் தொடங்கி எங்கள் வீட்டுக் குதிரையோடு எனக்கு ஏற்பட்ட சகவாசத்தில், அதன் மேல் இருந்த நேரத்தையும், அதன் மேலிருந்து பூமிக்கு வந்துகொண்டிருந்த நேரத்தையும், பூமியில் அமர்ந்தபடி அது போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தையும் தனித்தனியே கணக்கிட்டால், மூன்றாவது இனமே மற்ற இரண்டையும் விஞ்சி நிற்கும் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டுவிடுவது உத்தமம்.

கோயமுத்தூர் ஜில்லா பவானி தாலூகாவில் எங்கள் கிராமத்துக்குக் குதிரை என்றால், கருப்பராயன் கோயில் வாசலில் மண்ணால் செய்து நிறுத்தியிருந்த இரண்டுதான். எங்கள் குடும்பம் மாடறிந்த குடும்பம். அதிலும் என் தாய்மாமா காங்கேயம் காளைகளின் விஷயத்தில் அதாரிட்டி என்று சுற்று வட்டாரத்தில் பெயர் வாங்கியவர். காளையின் திமிலைப் பார்த்து அதன் தகப்பனையும், வாலைப் பார்த்து அதன் சொந்தக்காரருடைய கடனையும் சொல்லிவிடுவார் என்பார்கள். இப்படிப்பட்ட வீட்டில் குதிரை நுழைந்ததற்குக் காரணம், பக்கத்து ஊர்ப் பண்ணைக்காரர் தம் மகன் நாலு மைல் தூரத்தில் இருந்த ஹைஸ்கூலுக்குப் போய்வர ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுத்துவிட்டதுதான். மணியக்காரரான என் தகப்பனாருக்கு அது பொறுக்கவில்லை. சைக்கிள் என்பது ஜீவனில்லாத வஸ்து என்றும், மேடு வந்தால் அதை நாம் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருக்கும் என்றும், குதிரையிடத்தில் அந்தக் குறை கிடையாது என்றும் அவர் திண்ணையில் அமர்ந்து எடுத்துரைத்தபோது, பின்னால் ஒரு நாள் மேட்டில் மட்டுமல்லாமல் சமபூமியிலும் ஒரு குதிரையைத் தள்ளிக்கொண்டு போகப்போகிறோம் என்பது எங்களில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

ஆடி மாதத்தில் அந்தியூர்க் குருநாதசுவாமி கோயில் திருவிழாவை ஒட்டிப் புதுப்பாளையத்தில் கூடும் குதிரைச் சந்தை மிகப் பிரசித்தமானது. திப்பு சுல்தான் தம் படைக்குக் குதிரை வாங்கிய இடம் அது என்று ஊரார் பெருமையோடு சொல்லிக்கொள்வார்கள். காது நுனிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும்படி உள்முகமாக வளைந்த மார்வார், கத்தியவார் ஜாதிக் குதிரைகள் ஒரு பக்கம். மேளத்துக்குக் காலெடுத்து ஆடுபவையும், கயிற்றுக் கட்டிலின் மேல் ஏறி நின்று கும்பிடு போடுபவையுமான வித்தைக் குதிரைகள் ஒரு பக்கம். இவற்றுக்கெல்லாம் அப்பால், ஒரு புளிய மரத்தடியில், உலகத்தைப் பலமுறை பார்த்து முடித்துவிட்டது போன்ற கண்களோடு எங்கள் மட்டக்குதிரை நின்றுகொண்டிருந்தது. பெயர் ராஜா என்றும், வயது ஏழு என்றும் தரகர் சொன்னார்.

மாமா பரீட்சையைத் தொடங்கினார். மாட்டுக்கு மேல்வாயில் முன்பற்கள் கிடையா. கீழ்வாயில் எட்டே எட்டு. அவற்றைத் தடவித்தான் வயதைச் சொல்வது வழக்கம். அந்த வழக்கப்படியே அவர் குதிரையின் வாய்க்குள் கையை விட்டு, ‘மச்சான், இதுக்கு மேல்வாயிலயும் பல்லு இருக்குதுங்க!’ என்று ஆச்சரியத்தோடு அறிவித்த அதே விநாடியில், அந்த மேல்வாய்ப் பற்கள் எதற்காக ஏற்பட்டவை என்பதைக் குதிரை அவருக்குச் செயல் முறையில் விளக்கிக் காட்டியது. விரலை உதறிக்கொண்டே அவர் சுழி பார்க்கப் புகுந்தார். குதிரைச் சுழிகளுக்கு வேறு பெயர்களும் வேறு பலன்களும் உண்டு என்பதை, நகுலன் பெயரால் வழங்கும் அசுவ சாஸ்திரத்தைத் தஞ்சை சரஸ்வதி மகாலார் 1952-இல் அச்சிட்டு வெளியிட்ட பிறகு நான் தெரிந்துகொண்டேன். மாமாவோ அன்று மாட்டுச் சாஸ்திரத்தையே தயங்காமல் குதிரைக்கும் பிரயோகித்து, முதுகுக்கு அப்பால் ஓரிடத்தில் விரலை வைத்து, குரலைத் தாழ்த்தி, ‘மச்சான், இது பாடைச்சுழி. இது போற இடத்துல சாவு விழும். சொன்னாக் கேளுங்க’ என்றார்.

பாடைச்சுழி என்ற சொல் காதில் விழுந்ததும் அங்கே நின்ற இரண்டொருவர் விலகிப் போனதைக் கண்ட என் தகப்பனாருக்கு, பயத்துக்குப் பதிலாக, விலை இறங்கும் என்ற நம்பிக்கையே உண்டாயிற்று. துண்டுக்குள் கையை விட்டுத் தரகரின் நான்கு விரல்களைப் பிடித்தார். தரகர் உடனே சம்மதித்துவிட்டார். சந்தையில் எதிராளி உடனே சம்மதித்தால் நாம் ஏமாந்திருக்கிறோம் என்று அர்த்தம். மாட்டுக்கு விரல் ஒன்றுக்குப் பத்து ரூபாய் என்ற கணக்கில் என் தகப்பனார் நாற்பது ரூபாயைப் பிடித்திருக்க, குதிரைக்கு விரல் ஒன்றுக்கு இருபது என்று தரகர் சத்தியம் செய்து எண்பதை வாங்கிக்கொண்டு போனார். நரியைப் பரியாக்கி விற்ற திருவிளையாடல் மதுரையில்தான் நடந்தது என்று யாராவது சொன்னால், எங்கள் தகப்பனார் பின்னாளில் புன்சிரிப்போடு கேட்டுக்கொண்டிருப்பார்.

குதிரை வீட்டுக்கு வந்ததும் அதன் போஷணையை என் அப்பத்தா ஏற்றுக்கொண்டாள். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டைப் பார்த்துப் போன மார்க்கோ போலோ, இங்குள்ள அரசன் கடல் கடந்து வரும் குதிரைகளை ஆண்டொன்றுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் வாங்குவதாகவும், வருஷ முடிவில் அவற்றில் நூறு கூட மிஞ்சுவதில்லை என்றும், அவற்றுக்குச் சோறும் இறைச்சியும் சமைத்துப் போடுகிறார்கள் என்றும் எழுதி வைத்திருக்கிறார். அப்பத்தா மார்க்கோ போலோவை அறியாள். ஆயினும் அந்தப் பூர்வீக சம்பிரதாயத்தில் இறைச்சியை மட்டும் நீக்கிவிட்டு, மோர் ஊற்றிய பழைய சோற்றைக் கவளம் கவளமாக ஊட்டி வந்தாள். பாண்டியன் குதிரைகளைப் போல் அல்லாமல், எங்கள் ராஜா அதை உண்டு கொழுத்தது. கொள்ளு வைத்தால், ஊறுகாய் இல்லாத சாப்பாட்டைப் பார்ப்பது போலப் பார்த்தது.

எனக்குச் சவாரி கற்பிக்க அமர்த்தப்பட்டவர், சென்னைக் கவர்னரின் மெய்காவல் குதிரைப்படையில் சேவகம் செய்து பென்ஷன் பெற்றுப் பவானியில் குடியேறியிருந்த ஒரு சாயபு. குதிரையின் இடப்பக்கமாகவே ஏற வேண்டும். ஏனெனில் சிப்பாயின் வாள் இடுப்பில் இடப்பக்கம் தொங்கும். வலப்பக்கமாக ஏறினால் அது காலில் மாட்டிக்கொள்ளும் என்று அவர் விளக்கினார். என் இடுப்பில் வாளுக்குப் பதிலாக அரைஞாண் கயிறுதான் இருந்தது என்றாலும் சாஸ்திரத்தை மீறவில்லை. குதிகாலைத் தாழ்த்து, முழங்காலை ஒட்டு, பார்வையைக் குதிரையின் இரண்டு காதுகளுக்கு நடுவே வை என்பவை அடுத்த பாடங்கள். குதிரை துள்ளுநடை போடும்போது அதன் தாளத்துக்கேற்ப அங்கவடியில் எழுந்தெழுந்து உட்கார வேண்டும் என்பது அதற்கடுத்த பாடம். தாளம் எனக்கு வராத வித்தை. குதிரை எழும்போது நான் இறங்கியும், நான் எழும்போது குதிரை இறங்கியும் நடத்திய அந்தச் சந்திப்புகளின் பலனாக, ஹைஸ்கூலில் ஒரு பருவம் முழுவதும் நான் பெஞ்சின் மேல் நின்றபடியே பாடம் கேட்டேன். வாத்தியார்கள் அதைத் தண்டனை என்று நினைத்துக்கொண்டு அனுதாபப்பட்டார்கள்.

ராஜாவினிடம் சில விசித்திரங்கள் இருந்தன. இரவில் கல்யாண ஊர்வலத்தின் பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் எதிர்ப்பட்டால், அது நின்று, முகத்தைச் சற்றே ஒருக்களித்து, வலது முன்காலை உயர்த்தி, போட்டோவுக்கு நிற்பவரைப் போல அசையாமல் இருக்கும். பஜனை மடத்தில் ஹார்மோனியக் கட்டையை அழுத்தினால் லாயத்தில் அதன் காதுகள் நிமிரும். சாயபு இதையெல்லாம் நெடுநேரம் கவனித்துவிட்டு, ‘தம்பி, இந்தக் குதிரைக்கு ஏழு வயசு இல்லே, பதினைஞ்சு. அது போகட்டும். இதுக்கு முன்னாடி இது ஏதோ ஒரு உத்தியோகம் பார்த்திருக்கு. என்ன உத்தியோகம்னுதான் எனக்குப் புரியலே’ என்றார்.

புரியும் நாள் 1933-ஆம் வருஷம் தை மாதத்தில் வந்தது. பக்கத்துத் தாலூகா ஒன்றின் தலைநகரில் விவசாய, கால்நடைக் கண்காட்சி ஏற்பாடாகியிருந்தது. மட்டக்குதிரைகளுக்கென்று தனிப் பரிசும் உண்டு என்று தண்டோரா போட்டார்கள். பதினாறு வயதுப் பையனின் தன்னம்பிக்கைக்கு அதற்கு மேல் தூண்டுதல் தேவையில்லை. மூன்று நாள் தேய்த்துக் குளிப்பாட்டி, பிடரி மயிரைப் பின்னி, குளம்புகளுக்கு விளக்கெண்ணெய் பூசி, ராஜாவை அழைத்துப் போனோம். நான் தலைப்பாகையும் அணிந்துகொண்டேன். அது சாயபுவினுடையது. என் தலையில் அது புருவம் வரையில் இறங்கி, பார்வையைக் குதிரையின் காதுகளுக்கு நடுவே நிறுத்துவதற்கு வசதி செய்தது.

முதலில் உயரம் அளந்தார்கள். குதிரையின் உயரத்தைக் கைக் கணக்கில் சொல்வார்கள். ஒரு கை என்பது நாலு அங்குலம். ‘பன்னிரண்டு கை’ என்று அளந்தவர் சத்தமாகச் சொன்னதும், மாமா திடுக்கிட்டு, ‘ஏனுங்க, காலு நாலும் சரியா இருக்குதான்னே எங்களுக்குச் சந்தேகமுங்க, இதுல பன்னெண்டு கை எங்கிருந்துங்க வந்துச்சு?’ என்று விசாரித்தார். பரிசளிக்க வந்திருந்த ஒரு துரை இதன் மொழிபெயர்ப்பைக் கேட்டுப் புன்னகை புரிந்தார். அந்த மட்டில் எங்களுக்கு அனுகூலமான சூழ்நிலையே நிலவியது.

பிறகு குதிரைகள் மைதானத்தைச் சுற்றி வர வேண்டும். என் ஆயுளில் அன்று ஒரு நாள்தான் அந்தத் தாளம் எனக்குப் பிடிபட்டது. பேண்டு வாத்தியம் முழங்க, ராஜா கழுத்தை வளைத்து, அன்னநடையும் மயில்நடையும் கலந்ததொரு நடையில் என்னைச் சுமந்து சென்றபோது, நான் எழவேண்டிய தருணத்தில் எழுந்தேன். அமரவேண்டிய தருணத்தில் அமர்ந்தேன். துரையின் மேடைக்கு எதிரே வந்ததும் ஜனங்கள் ஆரவாரித்துக் கைதட்டினார்கள். இதற்கு முன் என் சவாரியைக் கண்டு கைதட்ட எவருக்கும் எவ்வித முகாந்தரமும் ஏற்பட்டதில்லை என்பதையும், ஆகவே கைதட்டலைக் கேட்டால் எங்கள் குதிரை என்ன செய்யும் என்பதை அதுவரை எவரும் அறிந்திருக்கவில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். ராஜா நின்றது. வலது முன்காலை உயர்த்தியது. ஆகாயத்தை நோக்கி நெஞ்சை உருக்கும்படி ஒரு முறை கனைத்தது. பின்பு முழங்கால்களை மடித்து, என் தலைப்பாகை கூடக் கலையாத அத்தனை மரியாதையோடு என்னைப் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டு, இடப்பக்கமாகச் சாய்ந்து, காலை நீட்டி, கண்ணை மூடி, உயிர் நீத்தது.

மைதானம் நிசப்தமாயிற்று. துரை எழுந்து தொப்பியைக் கழற்றினார். மாட்டு வைத்தியர் ஓடிவந்து மார்பில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, இருதயம் பேண்டு வாத்தியத்தை விட ஒழுங்காக அடித்துக்கொண்டிருப்பதாகக் குழப்பத்தோடு தெரிவித்தார். அப்போதுதான் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து ஒரு போக்கிரிக் குரல், ‘ஒன்ஸ் மோர்!’ என்று கூவியது.

ராஜா கண்ணைத் திறந்தது. எழுந்தது. உடம்பை ஒரு முறை உதறிக்கொண்டு, பழைய இடத்துக்கே போய் நின்று, முன்காலை உயர்த்தி, முன்னைவிட ஒரு பங்கு அதிகமான சோகத்தோடு கனைத்து, மறுபடியும் உயிரை விட்டது. கைதட்டல் வானைப் பிளந்தது. இரண்டாவது ‘ஒன்ஸ் மோர்’ துரையின் பக்கத்து நாற்காலியிலிருந்த சீமாட்டியிடமிருந்தே வந்தது என்று சொன்னார்கள். தலைப்பாகைக்குள் இருந்த எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்த ஒரு கிழவர், முன்பு ஊர் ஊராகச் சென்ற ஒரு நாடகக் கம்பெனியில் ஹார்மோனியம் வாசித்தவராம், குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விஷயத்தை விளக்கினார். 1714-ஆம் வருஷத்தில், இருபத்திரண்டே பிராயத்தில் ஆற்காட்டு நவாபின் சேனையோடு பொருது மாண்ட செஞ்சி தேசிங்கு ராஜனின் சரித்திரத்தை அந்தக் கம்பெனி நடித்துவந்த காலத்தில், ராஜா வேஷக்காரரைத் தாங்கி வந்தது இந்த ராஜாதான். கடைசிக் காட்சியில் சபையோர் கைதட்டியதும் அது மாள வேண்டும். ஒன்ஸ் மோர் கேட்டால் எழுந்து மீண்டும் மாள வேண்டும். கம்பெனி கலைந்தபோது, சம்பளப் பாக்கிக்குப் பதிலாக இதை யாரோ ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நாயக வேஷக்காரர்கள் நாலு பேர் மாறினார்கள் என்றும், குதிரையின் பாகத்துக்கு மட்டும் மாற்று ஆள் கிடைக்கவில்லை என்றும் அந்தக் கிழவர் கண்ணீர் மல்கக் கூறினார். அதைக் கேட்டபோது, அன்று நான் பெற்ற தாளஞானம் என்னுடையதுதானா, அல்லது ஐந்தாவது நாயக வேஷக்காரனாக என்னையும் அந்தக் குதிரை எப்படியோ ஒப்பேற்றிவிட்டதா என்ற சந்தேகம் எனக்கு உண்டாயிற்று. இன்றும் அது தீரவில்லை.

மட்டக்குதிரைப் பரிசு வேறொரு குதிரைக்குப் போயிற்று. சாவதற்கென்று பரிசு எதுவும் ஏற்படுத்தப்படாததால், துரை தம் சொந்தப் பையிலிருந்து ஐந்து ரூபாய் எடுத்துக் கொடுத்தார். வீடு திரும்பும் வழியில் வெற்றிக் களிப்போடு நடந்தவர் மாமா ஒருவரே. ‘சாவு விழும்னு சந்தையிலயே சொன்னனா இல்லீங்களா மச்சான்? விழுந்துச்சா இல்லீங்களா? ஒண்ணா, ரெண்டா? மூணு!’ என்று ஊர் எல்லை வரையில் சொல்லிக்கொண்டே வந்தார்.

அதன் பிறகு ராஜாவின் மேல் ஏற எனக்குக் கூச்சமாக இருந்தது. பெரிய நடிகரின் தோளில் சவாரி செய்ய யாருக்குத்தான் மனம் வரும்? அடுத்த வருஷம் எனக்கும் ஒரு சைக்கிள் வந்தது. ராஜா அப்பத்தாவின் கையால் மோர்ச் சோறு உண்டு, மாலை வேளைகளில் ஊர்ப் பிள்ளைகள் கைதட்டும் போதெல்லாம் சலிக்காமல் மாண்டு, எங்கள் தோட்டத்தில் கௌரவமாக வாழ்ந்து வந்தது.

1940-ஆம் வருஷம் மார்கழியில் ஒரு நாள், விடுமுறைக்காக நான் ஊருக்குப் போயிருந்தபோது, விடியற்காலையில் மாமா வந்து எழுப்பினார். லாயத்தில் ராஜா இடப்பக்கமாகச் சாய்ந்து, காலை நீட்டி, கண்ணை மூடிக் கிடந்தது. கைதட்ட அங்கே யாரும் இல்லை. எத்தனையோ தடவை பார்த்த காட்சிதான். ஒரு மயிரிழை கூட வித்தியாசமில்லை. பாடைச்சுழியைப் பற்றி மாமா ஒன்றும் சொல்லவில்லை. மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, மெல்லக் குனிந்து, குதிரையின் காதருகே வாயை வைத்து, இங்கிலீஷில் தமக்குத் தெரிந்திருந்த இரண்டே வார்த்தைகளைச் சொன்னார்.

‘ஒன்சு மோரு.’

சொல்லிவிட்டு மாமா காத்திருந்தார். நானும் காத்திருந்தேன்.