பாரோய் என்னும் ஊர்ப்பெயர் கணினிவழிப் பயணத்தில் அடையும் சிதைவுகள்

மலேசியாவின் சிரம்பானை ஒட்டிய பாரோயின் கோயில் நன்கொடைப் பட்டியல் ஒரு செயலியிலிருந்து மற்றொரு செயலிக்கு அனுப்பப்படும்போது, அவ்வூர்ப்பெயர் வழியில் அடையும் உருமாற்றங்களைக் கல்வெட்டியலார் கண்டுகொள்ளாமல் விட்டது தமிழாய்வுக்கு நேர்ந்த குறையென்றே கொள்ள வேண்டும். கண்ணுக்கு 3 எழுத்தாகத் தோன்றும் இப்பெயரை யூனிகோடு என்னும் கணினி எழுத்துத் தரம் பகரம், துணைக்கால், ரகரம், ஓகாரக் குறி, யகரம், புள்ளி என 6 குறிகளாகப் பகுக்கிறது. 1992-இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்த யூடிஎஃப்-8 என்னும் குறியாக்கமோ, அதாவது குறிகளைக் கணினி அனுப்பத்தக்க பைட்டுகளாக மாற்றும் முறையோ, தமிழ்க் குறி ஒன்றுக்கு 3 வீதம் 18 பைட்டுகளைச் செலவிடுகிறது. இவற்றுள் எது நீளம் என்பதில் செயலிகள் கருத்து வேறுபடுவதுண்டு. அனுப்புவது குறிகளை எண்ணி ‘நீளம் 6’ என்று அறிவிக்க, பெறுவது 6 பைட்டுகளை மட்டும் வாங்கிக்கொண்டு நிறுத்துமாயின், பட்டியலில் ‘பா’ மட்டுமே பதிவாகும். எஞ்சிய 12 பைட்டுகள் அடுத்த செய்தியின் தொடக்கமாகக் கருதப்பட்டு அதையும் கெடுக்கும்.

இதனினும் சுவையானது, வந்த பைட்டுகளை மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்குரிய விண்டோஸ்-1252 அட்டவணையைக் கொண்டு படிக்கும் நிலையாகும். அப்போது 6 குறிகளும் தலைமேல் சாய்கோடு தாங்கிய ஆங்கில ‘ஏ’ எழுத்தில் தொடங்குகின்றன. அவற்றுள் நான்கில், அதனை அடுத்து வட்டத்துக்குள் ‘ஆர்’ பொறித்த பதிவுபெற்ற வணிகச் சின்னம் நிற்கிறது. ஊர்ப்பெயருக்கு யாரோ உரிமம் வாங்கிவிட்டதாகக் கோயில் நிர்வாகம் அஞ்ச வேண்டியதில்லை. துணைக்காலின் இறுதிப் பைட்டு இவ்வட்டவணையில் முக்கால் என்னும் பின்னமாகிறது. கால் எவ்வாறு மும்மடங்காயிற்று என்பது தனி ஆய்வுக்குரியது.

தோற்றம் அருவருப்பாயினும் இச்சிதைவில் பைட்டுகள் பெரும்பாலும் அழிவதில்லையாதலால், சரியான அட்டவணையால் மீண்டும் படித்தால் பெயர் மீளும். விதிவிலக்கு புள்ளி: அதன் இறுதிப் பைட்டாகிய 141-க்கு விண்டோஸ்-1252 எழுத்தெதையும் ஒதுக்காததால் சில செயலிகள் அதை உதறிவிடுகின்றன, மெய்க்குப் புள்ளி வகுத்த தொல்காப்பியர் இதை எதிர்பார்த்திருக்க முடியாது. மாறாக, கேள்விக்குறிகள் வரிசையாக வந்தால் அது மீளா இழப்பு, ஏனெனில் தமிழுக்கு இடமில்லாத குறியாக்கத்துக்கு மாற்றிய செயலியே குறிக்கு ஒன்றாக அவற்றை இட்டு மூலத்தை எறிந்துவிட்டது. பாரோய்க்கும் 6 கேள்விக்குறி, நீலாய்க்கும் 6 என்றானபின் யார் எவ்வூர் என்பதை நன்கொடைத் தொகையைக் கொண்டே ஊகிக்க வேண்டும். பார்க்க அழகாயிருக்கும் கேள்விக்குறியைவிட ஏகாரக் குப்பை மேலானது என்பதே இவ்வாய்வின் துணிபு.

எஞ்சுவது ஓகாரம். முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் என்னும் தமிழ் மென்பொருளில் புழங்கிய டிஸ்கி போன்ற பழைய குறியாக்கங்கள் ‘ரோ’வை இரட்டைக்கொம்பு, ரகரம், கால் எனக் கண்ணில்படும் வரிசையில் வைத்தன; அப்பழைய பட்டியல்களை யூனிகோடுக்கு அரைகுறையாக மாற்றும்போது வரிசை சீரானாலும் கொம்பும் காலும் ஒன்றாகாமல் தனித்தனிக் குறிகளாகவே நின்று, பாரோய் 7 குறியும் 21 பைட்டும் உடையதாகிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இவ்வேறுபாட்டை நீக்கும் இயல்பாக்கம் என்னும் படியைச் செய்யாத செயலிக்கோ அவை இரு வேறு ஊர்கள். பாரோயின் நன்கொடை இரண்டு தலைப்புகளில் பிரிந்து கிடப்பதைப் பொருளாளர் கையால் கூட்டும்போதுதான் கண்டுபிடிப்பார்.